கைத்தொழிலும் கைமொழியும்

கற்பிட்டியில், புத்தளம் களப்பை நோக்கிய கரையிலே, படகு எஞ்சின்களைத் திருத்தும் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே வேலை செய்யும் இளைஞர் ஒருவர் பிறவியிலேயே செவிப்புலன் அற்றவர். பழுதுபட்ட எஞ்சினை இயக்கிவிட்டு, அதன் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் அசையாது நிற்பார். அதிர்வின் சீர் எங்கே பிசகுகிறது என்பதைக் கையாலேயே அறிந்து, பழுது இருக்கும் இடத்தை விரலால் சுட்டிக் காட்டுவார். காது உள்ள மெக்கானிக்குகள் அரை மணி நேரம் தேடும் குறையை அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தெற்கே, கிறிஸ்தவத் தொண்டர்கள் நடத்திய தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மூன்றாண்டு தங்கிக் கற்ற வித்தை அது.

சில மாதங்களுக்கு முன் அவருடைய தாயார் என் வீட்டுக்கு வந்தார். மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். “மாஸ்டர், மகன் என்னவோ எழுதித் தந்திருக்கிறான். ஒரு வருசமா இதையேதான் கையாலயும் காட்டுறான். எனக்கு விளங்கல்ல. வாசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

தாளில் இருந்தது சிங்களம். அந்தத் தாய்க்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். என் சிங்களமும் அரைகுறையானதுதான். ஆயினும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கொட்டகையில் தம்மோடு வேலை செய்யும் இருவர் பெறும் கூலியில் பாதியே தமக்குத் தரப்படுகிறது என்றும், உரிமையாளரிடம் அம்மா வந்து பேசவேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். ஓராண்டுக் காலம் ஒரு மகன் தன் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்த செய்தி அவ்வளவே. ஒரே கூரையின்கீழ் வாழும் இருவருக்கிடையே அச்செய்தி போய்ச் சேரவில்லை.

அன்று முதல் ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த இளைஞருக்குத் தொழில் தெரியும். அதைக் கற்பித்தவர்களின் நன்னோக்கத்திலும் ஐயமில்லை. பின், எது அவருக்குக் கொடுக்கப்படாமற் போயிற்று?

இது தனி ஒருவரின் கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் 8.7 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதேனும் ஒருவகை இயலாமையோடு வாழ்பவர்கள். இவர்களுள் கேட்டலில் இடர்ப்படுவோர், முதுமையால் செவி மங்கியோரையும் சேர்த்து, 3 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வேலை செய்யும் வயதை அடைந்த உடற்குறையுடையோரில் பத்துக்கு ஏழு பேர் பொருளீட்டும் முயற்சி எதிலும் ஈடுபடாதிருந்தனர் என்றும் அம்மதிப்பீடு காட்டிற்று.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. அரசாங்க சேவையில் நூற்றுக்கு மூன்று இடங்களை இவர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இல் வந்தது. இவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறிற்று. உடற்குறையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் அரசாங்க சேவைக்கான சுற்றறிக்கை களப்பங்கரைக் கொட்டகையை எட்டாது. சட்டம் எட்டும் இடத்திலும் முறையிடுவதற்கு ஒரு மொழி வேண்டும்.

அரசாங்கம் இத்துறையில் கருத்தூன்றும் முன்பே இறங்கியவர்கள் கிறிஸ்தவ மிஷனரிமார் என்பதை எச்சமயத்தவரும் ஒப்புக்கொள்ளவேண்டும். பம்பாயில் 1880களில் கத்தோலிக்க ஆயர் லியோ மோரன் செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியை நிறுவினார். திருநெல்வேலிச் சீமையிலே, பாளையங்கோட்டையில், இங்கிலாந்துத் திருச்சபையின் ஸெனானா மிஷனைச் சேர்ந்த பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் தொடங்கிய பள்ளி, இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதே மிஷனைச் சேர்ந்த மேரி சாப்மன் அம்மையார் 1912இல் இலங்கையில் நட்ட வித்தே, பின்பு இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலையாக வளர்ந்தது. அவர் அத்துடன் அமையாது பர்மாவுக்கும் சென்றார். இரங்கூனில் 1920இல் அவர் நிறுவிய பள்ளியும் அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1950களில் எழுந்ததே நஃபீல்ட் பாடசாலை.

இப்பள்ளிகள் தோன்றிய காலத்தில் நம் ஊர்களில் இப்பிள்ளைகளின் நிலை யாது? முற்பிறப்பின் வினை என்றோ, குடும்பத்தின் சாபம் என்றோ சொல்லி வீட்டின் பின்கட்டிலே மறைத்து வைத்தோம். பெயர் சொல்லி அழைப்பதில் பயனில்லை என்பதால் குறையையே பெயராக்கினோம். ‘செவிட்டு ஊமை’ என்று பத்திரிகைகளிலும் கூசாமல் எழுதினோம். அவ்வாறு ஒதுக்கப்பட்ட பிள்ளையை வகுப்பறையில் இருத்தி, இதற்கும் கல்வி உண்டு என்று காட்டியது சிறிய செயலன்று.

கல்வியோடு கைத்தொழிலையும் இணைத்தார்கள். தையல், ரேந்தை பின்னுதல், பாய் இழைத்தல், பிரம்பு வேலை, கைத்தறி நெசவு, தச்சு என்பன இத்தகைய பள்ளிகளில் எங்கும் காணப்பட்டவை. இவற்றைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. செய்து காட்டியே கற்பிக்கலாம், மூலப்பொருள் மலிவு, செய்த பொருளைத் திருச்சபையின் விற்பனை விழாக்களில் அன்பர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சந்தை இரக்கத்தின் மேல் எழுந்த சந்தை. பிளாஸ்டிக் கூடையும் பிளாஸ்டிக் கதிரையும் வந்தபோது பிரம்பு வேலை தளர்ந்தது. 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டபின் கைத்தறியும் சோர்ந்தது. கண்காட்சியில் பரிசு பெற்ற கைகள் பல, வீடு திரும்பியபின் வேலையற்றிருந்தன.

புத்தளத்துக் கரையோரத்தின் பொருளாதாரமும் இதற்கிடையே உருமாறிவிட்டது. பாய்மர வள்ளங்களின் இடத்தை எஞ்சின் பூட்டிய பைபர் படகுகள் பிடித்தன. 1980கள் முதல் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே இறால் பண்ணைகள் பெருகின. நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் எழுந்தது. காற்றாடி பூட்டி அலைமேல் ஓடும் விளையாட்டுக்கென வெளிநாட்டார் கற்பிட்டிக்கு வரத் தொடங்கினர். உப்பளமும் தும்பும் கருவாடும் பழையபடி இருக்கின்றன. இக்கரையின் இளைஞருக்குத் தொழில் கற்பிப்பதென்றால், படகு எஞ்சின், பைபர் ஒட்டுதல், குளிர்சாதனப் பொறி, மின்சார வேலை, பேக்கரி, தையல் என்று இக்கரையில் கூலி கிடைக்கும் தொழிலையே கற்பிக்கவேண்டும். அந்த வகையில் நம் இளைஞருக்கு எஞ்சின் வேலை கற்பித்தவர்கள் சரியாகவே தேர்ந்தார்கள்.

அப்படியிருந்தும் அவருக்குக் கிடைப்பது பாதிக் கூலி. ஆகவே குறை தொழிலைத் தேர்ந்த முறையில் இல்லை. அதை வேறோரிடத்தில் தேடவேண்டும்.

கால் இயங்காத இளைஞருக்குப் படிக்கட்டும் பேருந்தும் தடை. கண் தெரியாதவருக்கு அச்சுப் புத்தகம் தடை. ஆனால் இவ்விருவரும் தாயின் மடியிலே தாயின் மொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள். செவிப்புலன் அற்றுப் பிறக்கும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர், காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். வீட்டில் பேசப்படும் மொழி அவர்களை எட்டுவதில்லை. அவர்களை எட்டக்கூடிய சைகை மொழியோ வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. மொழி எளிதில் வேரூன்றும் முதல் ஐந்தாறு ஆண்டுகள் வெறுமையாகக் கழிகின்றன. ‘பசி’, ‘வா’, ‘போ’ என்று வீட்டார் ஆக்கிக்கொண்ட இருபது முப்பது சாடைகளே மிஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டு நாளைய வேலையைப் பற்றியோ, நேற்றைய அநீதியைப் பற்றியோ பேச முடியாது.

இங்கே வரலாற்றில் ஒரு பெருந்தவறு நடந்தது. 1760 அளவில் பாரிஸ் நகரில் லெப்பே என்னும் கத்தோலிக்கக் குருவானவர், செவிப்புலன் அற்றவர்கள் தமக்குள் கையால் பேசுவதைக் கவனித்து, அதையே வழியாகக் கொண்டு கல்வி புகட்டினார். ஆனால் 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மகாநாடு, சைகையை விலக்கி, உதடசைவைப் பார்த்து வாய்ப்பேச்சைப் பழகும் முறையே சிறந்தது என்று தீர்மானித்தது. மகாநாட்டுக்கு வந்திருந்த 164 பிரதிநிதிகளுள் செவிப்புலன் அற்றவர் ஒருவரே! பின்பு உலகின் பல பள்ளிகளில் பிள்ளைகளின் கைகள் தடுக்கப்பட்டன. அந்தத் தீர்மானத்துக்காக, அதே வரிசையில் வந்த மகாநாடு வான்கூவர் நகரில் கூடி வருத்தம் தெரிவித்தது 2010இல்தான்.

எனினும் வகுப்பறை தடுத்ததை விடுதி வளர்த்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் உண்டு, உறங்கி, சண்டையிட்டு, சமாதானமாகியபோது, ஆசிரியர் கற்பிக்காத மொழி ஒன்று அவர்களிடையே தானே முளைத்தது. இதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. நிக்கராகுவா நாட்டின் தலைநகரான மனாகுவாவில், 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும், வளர்ந்தோருக்கு ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியும் திறந்தார்கள். ஆசிரியர்கள் உதடசைவையே போதித்தனர். பிள்ளைகளோ விளையாட்டு வெளியிலும் பேருந்திலும் தமக்குள் ஒரு சைகை மொழியை ஆக்கிக்கொண்டனர். பின்வந்த சிறுவர்கள் அதை இலக்கணம் செறிந்த முழுமொழியாக்கினர். மொழியியலாளர் அங்கே சென்று, ஒரு மொழி பிறப்பதைக் கண்ணாரக் கண்டார்கள்.

எனவே பழைய மிஷன் பள்ளிகளின் தொண்டை அளக்கவேண்டுமாயின், அவை விற்ற கூடைகளையும் தைத்த சட்டைகளையும் மட்டும் எண்ணுவது போதாது. பலரை ஓரிடத்தில் சேர்த்து, அவர்களிடையே ஒரு மொழி வளர இடமளித்ததே அவை செய்த மிகப்பெரிய உபகாரம் என்பது என் கருத்து. அவை கொடுக்க எண்ணியது தொழிலும் வாய்ப்பேச்சும்; எண்ணாமலே கொடுத்தது மொழி.

ஆனால் அந்த மொழி விடுதியின் மதிலுக்குள் நின்றுவிட்டது. கற்பிட்டி இளைஞருக்கு நேர்ந்தது அதுவே. பயிற்சி நிலையத்தில் அவருக்குத் தோழர் இருந்தனர், சைகை இருந்தது, எழுத்தும் இருந்தது. ஊர் திரும்பியபோது அந்தச் சைகையை அறிந்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை. கற்ற எழுத்தும் தாய் அறியாத எழுத்து.

மொழி மாறும் துயரம் இக்கரைக்குப் புதிதன்று. ‘தமிழ் புளூட்டார்க்’ எழுதித் தமிழ்ப் புலவர் வரலாறுகளை 1859இல் தொகுத்தளித்த சைமன் காசிச்செட்டி பிறந்த ஊர் இந்தக் கற்பிட்டியே. சிலாபம் தொடங்கி நீர்கொழும்பு வரையுள்ள கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் பலவற்றில் பாட்டன் தமிழில் செபித்தான். பேரன் சிங்களத்தில் செபிக்கிறான். பள்ளிக்கூடமும் வழிபாட்டு மொழியும் மாறியபோது, இரண்டு மூன்று தலைமுறைக்குள் அது நிகழ்ந்துவிட்டது. இன்றும் உடப்பின் இந்துக்களும், கற்பிட்டியின் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே குடியேறிய முஸ்லிம் குடும்பங்களும் தமிழ் பேசும் மக்களே. அவர்களிடையே பிறக்கும் செவிப்புலன் அற்ற பிள்ளை எங்கே போவது? தமிழ் எழுத்துக்கென்றால் கைதடி. அது வடக்கே நெடுந்தொலைவு. தெற்கே போனால் அங்கே சிங்களமே பெருவழக்கு. சிங்களம் கற்பது தீங்கு என்று நான் சொல்லவில்லை; இந்நாட்டில் இரண்டு மொழியும் அறிவது நன்மையே. தாயும் பிள்ளையும் ஒருவர் எழுத்தை ஒருவர் வாசிக்க முடியாத நிலை மட்டும் வரலாகாது.

இனி, சமயப் பணியைப் பற்றியும் ஒளிக்காமல் பேசவேண்டும். இக்கரையில் தலவில அன்னம்மாள் திருவிழாவும், முன்னேஸ்வரத்துத் தேரும், உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பும், பள்ளிவாசலின் பாங்கும் அருகருகே உள்ளன. கிறிஸ்தவர் நடத்தும் நிலையத்தில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பிற சமயப் பெற்றோருக்கு, பிள்ளையின் சமயம் மாறிவிடுமோ என்ற அச்சம் உள்ளூர இருக்கிறது. தொண்டர்களோ தாம் அன்பினால் செய்வதை ஐயுறுகிறார்களே என்று வருந்துகிறார்கள். இரு சாராரும் ஓர் உண்மையை எண்ணிப் பார்க்கவேண்டும். மொழி பெறாத பிள்ளை, சிலுவை அடையாளம் இடு என்றால் இடும். திருநீறு பூசு என்றால் பூசும். தொழுகையில் குனி என்றால் குனியும். அது ஆசிரியரைப் பார்த்துச் செய்யும் அசைவேயன்றி விசுவாசம் ஆகாது. மறுக்க முடியாதவன் ஏற்கவும் முடியாதவன்.

இதற்கு வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்று கிறிஸ்தவர்களின் மறைநூலிலேயே உள்ளது. மாற்கு எழுதிய நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், செவியும் பேச்சும் அடைபட்ட ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார், காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை நோக்குகிறார். வாய் திறந்து பேசியது அதற்குப் பின்னரே. கேட்க முடியாத ஒருவனுக்கு விளங்கும் வழியில், கையாலும் பார்வையாலும் முதலில் அவர் பேசினார் என்று இதைக் கொள்ளலாம் அன்றோ? ஊழியம் செய்ய முன்வருவோர் பிள்ளையின் மொழியைத் தாம் முதலில் கற்பதே இதன் பொருளென்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மொழியில் கேள்வி கேட்கவும், ‘வேண்டாம்’ என்று சொல்லவும் வல்லவனாகப் பிள்ளை வளர்ந்தால், பிற சமயப் பெற்றோரின் அச்சமும் பெரிதும் நீங்கும்.

ஆறு மாதத் தையல் வகுப்பு, மூன்று மாதக் கணினி வகுப்பு என்று இன்று பலர் நல்லெண்ணத்தோடு தொடங்குகிறார்கள். சான்றிதழும் புகைப்படமும் கிடைக்கின்றன. வேறு சிலர், பிள்ளையை ஊர்ப் பாடசாலையிலேயே சேர்ப்பதுதான் சமத்துவம் என்கிறார்கள். கால் இயங்காத பிள்ளைக்கு அது முற்றிலும் பொருந்தும். செவிப்புலன் அற்ற ஒரே பிள்ளையை, சைகை அறியாத ஆசிரியர் முன் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே இருத்தினால், அது கூட்டத்துக்கு நடுவே ஒரு தனிச்சிறை. விடுதிப் பள்ளி பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கிறது என்ற குறையும் மெய்யே. ஆதலால் வீட்டையும் பள்ளியையும் இணைக்கும் வழியைத் தேடவேண்டும்.

அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே ஏதேனும் ஓரிடத்தில், செவிப்புலன் அற்ற பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் வாரம் ஒருமுறை கூடுவதற்கு ஓர் அறை போதும். கைதடியிலோ இரத்மலானையிலோ படித்து வளர்ந்த, செவிப்புலன் அற்ற ஒருவரையே அங்கு ஆசிரியராக நியமிக்கவேண்டும். அவர் வயதும் வருமானமும் உள்ள மனிதராக அந்தத் தாய்மார் முன் நிற்பதே முதற்பாடம். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தபின், ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்போரும் கையால் உரையாட முடிகிறது, அதையும் பயன்படுத்தலாம். எழுத்து தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படவேண்டும். தொழில் அதன்பின், அல்லது அதனுடன், வரட்டும். கூலியும் வேலை நேரமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் அத்தொழிற்பாடத்தின் ஒரு பகுதியாக இருக்கட்டும். திருச்சபையோ கோயிலோ பள்ளிவாசலோ, யார் இடம் கொடுத்தாலும் நன்று. இந்தியாவில் சைகை மொழிக்கென ஓர் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை அரசாங்கமே 2015இல் நிறுவியது. அத்தகைய ஆதரவை நம் அரசாங்கத்திடமும் கேட்பது நியாயமே. ஆயினும் அது வரும்வரை காத்திருக்க ஐந்து வயதுப் பிள்ளைக்கு நேரமில்லை.

அந்தத் தாளை வாசித்த மறுநாள் தாயும் நானும் கொட்டகைக்குப் போனோம். உரிமையாளர் கெட்டவர் அல்லர். “அவன் ஒருநாளும் கேட்கல்லையே மாஸ்டர்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து கூலி உயர்ந்தது. முழுமையாக அன்று, முக்காற் பங்காக.

மீதிக் காற்பங்கை நான் போய்க் கேட்பதைவிட, அவரே கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். தாயார் இப்போது மகனிடமிருந்து நாளுக்கு ஒரு சைகையாகக் கற்று வருகிறார். சென்ற கிழமை பார்த்தபோது, ‘கூலி’ என்பதற்குரிய சைகையை எனக்குச் செய்து காட்டினார். ஐம்பது வயதில் அவர் தொடங்கியதை, நம் ஆசிரியர்களும் மாணவர்களும் இன்னும் முன்பே தொடங்கலாம்.